மேடையில் நான் சொன்ன பொய்யும் கர்த்தர் திறந்த படிவமும்

இதை எழுத எனக்கு ஆறு மாதம் ஆனது. ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சாட்சியைச் சொல்ல முடியாது. அவர்கள் இப்போதும் நம்மோடுதான் ஆராதிக்கிறார்கள். அதனால் பெயரை மாற்றி, சுகந்தி அக்கா என்று எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் கூலிக்கு மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலை வயலுக்கு, போகிறவர்கள். பிறந்ததிலிருந்தே எனக்குக் கண் தெரியாது. அஞ்சல் வழியில் வரலாறு எம்.ஏ. படிக்கிறேன். போன் திரையைத் தொட்டால் அதில் இருப்பதை அது வாசித்துச் சொல்லும். பாடமும் வேதமும் எனக்கு அந்தக் குரலில்தான்.

சுகந்தி அக்காவுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தின் விழுப்புரம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. திண்டிவனத்தில் நம் சபையில் நான்கு வருடமாக என் பக்கத்தில்தான் உட்காருவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம், "புது வெப்சைட் வரப்போவுது. கண்ணு தெரியாதவங்களும் தானாவே பரீட்சை ஃபாரம் போடலாம்னு சொல்றாங்க. நீ பாத்து சொல்லு" என்றார்கள்.

மூன்று வாரம் பார்த்தேன். அறிவிப்புகள் எல்லாம் தாளைப் போட்டோ எடுத்துப் போட்டவை. என் போனுக்கு அது வெறும் படம். தேர்வுப் படிவத்தில் எந்தக் கட்டம் பெயருக்கு, எந்தக் கட்டம் பதிவெண்ணுக்கு என்று சொல்ல எதுவும் இல்லை. கடைசியில் படத்தில் நெளிந்து நெளிந்து இருக்கும் எழுத்தைப் பார்த்து அடிக்க வேண்டுமாம். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கா எழுதிக்கொண்டார்கள்.

திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். "எல்லாம் சரி பண்ணியாச்சாக்கா?" என்று கேட்டேன். "ஆச்சுடி. நீ மேடையில ரெண்டு வார்த்தை பேசு, போதும்."

நான் மறுபடி தொட்டுப் பார்க்கவில்லை. அக்கா சொன்னால் போதும் என்றிருந்தேன். இனி என்னைப் போன்றவர்கள் யார் தயவும் இல்லாமல் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்று மைக்கில் சொன்னேன். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

அடுத்த மாதம் தேர்வுப் படிவம் வந்தது. திறந்து தொட்டேன். "பெயரிடப்படாத பொத்தான்" என்றது போன். அடுத்ததைத் தொட்டேன். அதுவும் பெயரிடப்படாத பொத்தான். நான் சொன்ன குறைகளில் ஒன்றைக்கூடச் சரிசெய்யவில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "முதல் பக்கத்துலயே உன் போட்டோவ பெருசா போட்டிருக்காங்க" என்றாள். அதன்மேல் விரல் வைத்தேன். "படம்" என்று மட்டும் சொன்னது.

என் படிவத்தை அண்ணி போட்டுக்கொடுத்தாள். கடைசி நாள் முடிந்த மறுநாள் பனமலையிலிருந்து செல்வி போன் செய்தாள். அவளும் என்னைப் போலத்தான், கண் தெரியாது. என்னோடு படிக்கிறாள்.

"நீ பேசுனத கேட்டுதான் நான் யாரையும் கூப்புடல. மத்தியானத்துல இருந்து சாயந்தரம் வரைக்கும் போட்டுக்கினே இருந்தேன். முடியல. எங்கப்பா படிப்ப இதோட நிறுத்திக்கோன்னுட்டாரு."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் கேட்டேன். "நான் சொன்னேன்டி. விழாவுக்கு நாள் குறிச்சாச்சு, அப்புறம் பாத்துக்கலாம்னுட்டாங்க. எனக்கும் வேல முக்கியம் இல்லியா?"

"அப்ப என்னை எதுக்குக்கா மேடை ஏத்துனீங்க?"

பாடல் ஆரம்பித்தது. அக்கா என் பக்கத்தில் நின்று பாடினார்கள். எனக்கு வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சபைக்கு வரவில்லை. அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. பகலில் வீட்டில் எல்லோரும் கொல்லைக்குப் போன பிறகு ஆண்டவரோடு சண்டை போட்டேன். உம்முடைய வீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்தானே என்னை ஏமாற்றினார்கள் என்று கேட்டேன். அழுது ஓய்ந்த ஒரு நாள்தான் ஜெபமாக ஒன்று வந்தது: "ஆண்டவரே, என் வாய் சொன்ன பொய்யால் செல்வி படிப்பு போகிறது. அதை என் வாயாலேயே திருப்பி எடுக்க ஓர் இடம் கொடும்." தினமும் இதையே கேட்டேன்.

நான்காவது வாரம் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி போன் செய்தார். "யுனிவர்சிட்டிய பாக்க மேலேர்ந்து ஆய்வுக்குழு வருதும்மா. அன்னிக்குப் பேசுன மாதிரியே பேசிடு. வண்டி அனுப்புறோம்."

என்னைப் பொய் சொல்ல வைத்தவர்களே எனக்கு மேடையும் கொடுக்கிறார்கள். "வர்றேன் சார்" என்றேன். செல்வியையும் கூட்டிக்கொண்டு விழுப்புரம் போனேன்.

குழுவில் ஒரு அம்மா, புது வெப்சைட் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "போன தடவ பாக்காமலே நல்லாருக்குன்னு சொல்லிட்டேங்க. மன்னிச்சிடுங்க. இப்ப உங்க முன்னாடியே போட்டுப் பாக்குறேன்" என்றேன். எனக்காகத் திறந்து வைத்திருந்த படிவத்தை என் போனில் தொட்டேன். சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். பெயரிடப்படாத பொத்தான். பெயரிடப்படாத பொத்தான். நெட் கொஞ்சம் ஸ்லோ என்று யாரோ சொன்னார். "நெட் இல்ல சார், இந்தப் பொண்ணு சொல்றத கேளுங்க" என்றார்கள் அந்த அம்மா. செல்வி தன் கதையைச் சொன்னாள்.

முன்னாலேயே யாரும் சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டார்கள். அப்போது பின்னாலிருந்து சுகந்தி அக்காவின் குரல் வந்தது. "இவங்கதான் மேடம் பாத்தாங்க. குறை எல்லாம் எழுதின தாள் என்கிட்ட இருக்குது."

அந்தத் தாள் அத்தனை நாளும் அவர்கள் மேசையில்தான் இருந்திருக்கிறது. அது எங்களுக்கு உதவியது, உண்மை. எனக்கு முன்னைவிட அதிகமாக வலித்ததும் உண்மை.

இரண்டே வாரத்தில் எங்களுக்காகப் படிவத்தை மறுபடி திறந்தார்கள். கட்டங்களுக்கெல்லாம் பெயர் வந்தது. நெளிந்த எழுத்துக்குப் பதிலாகப் போனுக்கு ஒரு எண் வந்தது. செல்வி அன்று சாயந்திரம் கூப்பிட்டாள். "போட்டுட்டேன். ஒருத்தரையும் கூப்புடல." தேர்வன்று அவள் அப்பாவே வண்டியில் கொண்டுவந்து விட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அறிவிப்புகள் இன்னும் போட்டோவாகத்தான் வருகின்றன. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துச் சொல்கிறேன். என் விரல் தொட்டுப் பார்க்காத எதையும் நல்லது என்று நான் இப்போது சொல்வதில்லை.

சபைக்கு வருகிறேன். ஆனால் வேறு வரிசையில் உட்காருகிறேன். அக்காவை மன்னிக்க மனம் தாரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. முதல் ஜெபத்தைக் கேட்டவர் இதையும் கேட்பார் என்று காத்திருக்கிறேன்.

நம்பினவர்களால் ஏமாந்து, ஆலயத்துக்கு வர மனமில்லாமல் வீட்டில் இருக்கிறவர்கள் யாராவது இதைக் கேட்டால் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெபத்துக்கு அழகான வார்த்தை தேடாதீர்கள். உங்கள் கோபத்தையே அவரிடம் கொண்டுபோங்கள். நான் அதைத்தான் கொண்டுபோனேன். அவர் முகம் திருப்பவில்லை.