கனெக்டர் போடாத கேபிள்

பேய் பிசாசு என்று யாராவது என்னிடம் வந்தால், முதலில் பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா பாருங்கள் என்று சொல்கிற ஆள் நான். விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன், ஆபீஸ்களுக்கு சர்வர், கேமரா, நெட்வொர்க் வேலையெல்லாம் எடுத்துச் செய்கிறேன். தானாக ஆன் ஆகிற கம்ப்யூட்டர், ஆள் இல்லாத அறையில் ஓடுகிற பிரிண்டர் என்று எத்தனையோ புகார் வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் காரணத்தைக் கண்டுபிடித்துக் கேலி பண்ணிவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஜின்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எழுந்து கடைக்குப் போய்விடுவேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி, பேர் வேண்டாம். சீசன் மும்முரத்தில் அவர்கள் ஆபீஸ் சர்வரில் வைரஸ் புகுந்து ஆர்டர், பில், லோடு போன விவரம் என்று அத்தனையையும் பூட்டிவிட்டது. பேக்கப் எடுத்து வைத்திருந்த பெட்டியும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அதுவும் சேர்ந்து போயிற்று. முதலாளி பாவம், ஆடிப்போய்விட்டார். பேக்கப்புக்கு என்று தனியாக ஒரு நெட்வொர்க் போட்டுவிடலாம், அது சர்வரைத் தவிர வேறு எதையும் தொடாது, இன்டர்நெட்டும் கிடையாது என்று நான் விளக்க ஆரம்பித்ததுமே அவர் பிடித்துக்கொண்டார்.

"புரியுது பாய். ஒரு ரூம்ல தீப்பிடிச்சா அடுத்த ரூமுக்குத் தாவக்கூடாதுன்னுதான நாங்களும் தள்ளித் தள்ளிக் கட்டிருக்கோம். பெட்டியவும் ஆபீஸ்ல வைக்க வேணாம், உள்ள சும்மா கிடக்குற ரூம் ஒண்ணு இருக்கு, அங்கன வச்சிருங்க" என்றார்.

நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்கு லீவு, நானும் என் மச்சினன் சிக்கந்தரும் போனோம். சிக்கந்தர் என் மனைவியின் ஒரே தம்பி, என்னிடம்தான் தொழில் கற்றான், அப்போது அவன் மனைவி பிள்ளையுண்டாகியிருந்தாள். அவனைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று என் மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். கரண்ட் வேலைக்குத்தானே போகிறோம், பட்டாசு வேலைக்கா போகிறோம் என்று நான் சிரித்தேன்.

பட்டாசுக் கம்பெனியில் ஆபீஸைத் தாண்டி உள்ளே போகிறவர்கள் போனை கேட்டில் கொடுத்துவிட வேண்டும், லீவு நாளாக இருந்தாலும் அதுதான் சட்டம். வாட்ச்மேன் சுப்பையா அண்ணாச்சி என் போனை வாங்கி வைத்துக்கொண்டார். ஆபீஸிலிருந்து அறைவரை கேபிளை இழுத்துப் போட்டுவிட்டு, சிக்கந்தர் ஆபீஸில் சர்வர் பக்கம், நான் உள்ளே அந்த அறையில். நடுவில் பெரிய தடுப்புச் சுவர், கத்தினாலும் கேட்காது, நடந்து போவதானாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் ஒன்று பேசி வைத்துக்கொண்டோம். அவன் தன் பக்கத்துக் கேபிள் நுனியில் கனெக்டர் என்கிற பிளாஸ்டிக் முனையை அடித்து சர்வரில் செருகினால் என் பக்கத்தில் இருக்கிற பெட்டியில் பச்சை விளக்கு எரியும், எரிந்தால் வேலை முடிந்தது. நான் உடனே வர வேண்டுமென்றால் அவன் கேபிளை மூன்று முறை பிடுங்கிச் செருக வேண்டும், விளக்கு மூன்று முறை அணைந்து எரியும். அவ்வளவுதான் எங்கள் போன்.

அந்த அறையில் லேபிள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. உடம்பில் இருக்கிற கரண்ட் இறங்குவதற்காக அதில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் தொழிலாளிகள் உள்ளே நுழைய வேண்டும், இப்போது அங்கே மருந்து வேலை கிடையாது என்றாலும் தகட்டை யாரும் கழற்றவில்லை. நான் என் பக்கம் கனெக்டர் அடித்து, பேக்கப் பெட்டியை ஆன் பண்ணிவிட்டு ஒரு லேபிள் கட்டின்மேல் உட்கார்ந்தேன். நல்ல உச்சிவெயில், காக்கா சத்தம்கூட இல்லை. ராத்திரி, இருட்டு, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள், பட்டப்பகலில்தான் இது நடந்தது.

வாசலில் யாரோ தகட்டில் கை வைக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடி வளையல் செம்பில் படுகிற சத்தம், வேறு எதுவாகவும் இருக்க முடியாது. வாட்ச்மேன் வீட்டம்மா சாப்பாடு கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்து வாங்கம்மா என்றேன். யாரும் வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தேன், வெளியே வெறும் பொட்டல்.

திரும்பினால் பச்சை விளக்கு எரிகிறது. பரவாயில்லையே, பையன் இவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டானே என்று எனக்கு சந்தோஷம். அப்போது விளக்கு அணைந்தது, எரிந்தது. மறுபடி அணைந்தது, எரிந்தது. மூன்றாவது தடவையும். வரச்சொல்கிறான். எனக்கு எரிச்சல், டீ வந்திருக்கும், அதற்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பைக்குள் போட்டேன். அதற்குள் மறுபடியும் மூன்று. நம்பினால் நம்புங்கள், அதற்கப்புறம் அந்த விளக்கு நிற்கவே இல்லை. மூன்று, கொஞ்சம் இடைவெளி, மூன்று, இடைவெளி. கேபிளைப் பிடுங்கிச் செருகுவதற்கு ஒரு மனிதனுக்கு ஆகிற நேரம்கூட நடுவில் இல்லை. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

ஆபீஸ் கதவைத் தள்ளினால் சிக்கந்தர் தரையில் கிடக்கிறான். சர்வருக்குப் பின்னால் இருக்கிற யுபிஎஸ் ஒயரை எலி கடித்து வைத்திருக்கிறது, கேபிளை இழுக்கிறதற்காகப் பின்பக்கம் கையை விட்டவன் அதைத் தொட்டிருக்கிறான். உதடு நீலமாகிக் கிடந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நான் அவன் நெஞ்சை அமுக்கினேன், கத்தினேன், அழுதேன், என்னென்ன பண்ணினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. சுப்பையா அண்ணாச்சி ஓடிவந்தார், லோடு வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு சிவகாசிக்குப் பறந்தோம். வழி நெடுக எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் ஓதினேன், கடைசியாக எப்போது அப்படி ஓதினேன் என்று கேட்காதீர்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

அவன் பிழைத்துவிட்டான் என்று தெரிந்தபிறகுதான் அவனை விட்டு நகர்ந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் சுப்பையா அண்ணாச்சி கேட்டார்.

"தம்பி இடது கைய நர்சம்மா தொடச்சுக்கிட்டே இருந்தாகளே, பாத்தீகளா பாய்?"

பார்க்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சிக்கந்தரின் மணிக்கட்டைச் சுற்றி வெள்ளி நிறத்தில் பட்டையாக இருந்தது. உற்றுப் பார்த்தால் விரல்கள். நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் மறுபக்கம். சின்ன கை, பெண்பிள்ளை கை. எதிலிருந்தோ பிடித்து இழுத்துவிட்ட மாதிரி.

"அது வெள்ளிப் பவுடரு பாய். மருந்துல கலக்குறது. அந்த வேல பாக்குறவுக கையி சோப்பு போட்டாலும் அப்படித்தான் மினுங்கும்" என்றார் அண்ணாச்சி. அப்புறம் குரலை இறக்கி, "நம்ம கம்பெனில அந்த வேல இப்ப கிடையாது. நீங்க பெட்டி வச்சீகளே, அந்த ரூம்லதான் முன்ன நடந்துச்சு. வெடி விபத்துல அங்கன இருந்த பொம்பளைக போய்ச் சேந்துட்டாக. பெறகு ரூமத் திரும்பக் கட்டுனாக, ஒரு பொம்பளையும் அங்கன உக்கார மாட்டேன்னுட்டாக" என்றார்.

அப்போதுகூட நான் மனசுக்குள் காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஆபீஸில் எங்கேயோ பழைய பவுடர் கிடந்திருக்கும், அவனே தன் கையைப் பிடித்திருப்பான் என்று. சில நாள் கழித்து, வேலையைப் பாதியில் விட முடியாது என்று தனியாகப் போனேன். சர்வருக்குப் பின்னால் கேபிள் நுனியைத் தேடி எடுத்தேன். அதில் கனெக்டரே இல்லை. கேபிள் சுருளிலிருந்து வெட்டின நுனி வெட்டினபடியே இருக்கிறது, மேல்தோலைக்கூட உரிக்கவில்லை, கனெக்டர் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்தக் கேபிள் சர்வரில் செருகப்படவே இல்லை, செருகாத கேபிளுக்கு அந்த விளக்கு எரியவே எரியாது. நான் பார்த்தேன், அது எரிந்தது, அணைந்து அணைந்து என்னைக் கூப்பிட்டது. அந்த வெட்டின நுனியில், விரலால் பிடித்து நசுக்கின மாதிரி வெள்ளியாக இருந்தது.

எப்படி வேலையை முடித்தேன் என்று தெரியவில்லை. முடித்தேன். அந்த பேக்கப் இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது, முதலாளிக்கு ரொம்பத் திருப்தி.

சிக்கந்தரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் தேறினதும் அவனாகவே கேட்டான்.

"மச்சான், அந்த அக்காவுக்கு ஒரு நன்றி சொல்லிட்டீகளா?"

எந்த அக்கா என்றேன். தன் கையைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்காதான் என்றான். கேபிள் நுனியைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டே இருந்தாளாம். "முகம் தெரியல மச்சான். இன்னும் ஒருத்தரும் வரலையே தம்பி, இன்னும் ஒருத்தரும் வரலையேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. அந்தக் குரலுதான் என்னையத் தூங்க விட மாட்டேங்குது" என்றான். அந்த அக்கா ஊருக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு புண்ணியவதி காப்பாற்றிவிட்டாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு உங்களிடம் சொல்லாமலே இருந்திருப்பேன். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, இப்போது தவழ்கிறது. போன வாரம் அவன் வேலையாகக் காரியாபட்டியில் தங்கியிருந்தான், அதனால் அவன் மனைவியும் குழந்தையும் எங்கள் வீட்டில் இருந்தார்கள். பட்டாசு வாடையே படாத வீடு எங்களுடையது. காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த என் மனைவி என்னைக் கூப்பிட்டாள். சத்தம் போட்டுக்கூட இல்லை, மெதுவாகத்தான் கூப்பிட்டாள். குழந்தையின் இடது மணிக்கட்டைச் சுற்றி வெள்ளி நிறம். நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் மறுபக்கம். சோப்பு போட்டும் போகவில்லை.

சிக்கந்தர் கையை அவள் பிடித்தது சாவிலிருந்து இழுத்துவிட. குழந்தையை எதிலிருந்து இழுத்தாள்? வீட்டில் இருக்கிற எல்லா பிளக்கையும் மூடியிருக்கிறேன், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறேன், மாடிப்படிக்குக் கதவு வைத்திருக்கிறேன். என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறாள், அந்த ஆபத்து வந்து போய்விட்டதா, இல்லை இனிமேல்தான் வரப்போகிறதா என்று. அன்றிலிருந்து குழந்தையை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, முறைபோட்டுப் பக்கத்தில் விழித்திருக்கிறோம். இன்றைக்கு முறை என்னுடையது, அதனால்தான் உங்களை இவ்வளவு நேரம் பிடித்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.