வெள்ளிப் பூச்சுக்கு அடியில் நானூறு

பழைய வேனை வாங்கி, படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேரவனாக்கியபோது நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: படுக்கை சமமாக இருக்க வேண்டும். தலைமாடு தாழ்ந்தால் எனக்குத் தூக்கம் வராது, கோபம்தான் வரும். அதற்காகவே பீன்யா தொழிற்பேட்டைப் பட்டறை ஒன்றில் நான்கு மூலைக்கும் ஹைட்ராலிக் ஜாக் போட்டோம். பட்டனை அழுத்தினால் பம்ப் எண்ணெயை ஹோஸ் என்கிற ரப்பர் குழாய் வழியாகத் தள்ளும், ஜாக் வண்டியைத் தூக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டி வந்தது. ஜாக், பம்ப், ஹோஸ் எல்லாம் சில்வர் பெயிண்டில் மாப்பிள்ளை மாதிரி மின்னின.

காக்ஸ் டவுனில் எங்கள் தெரு நல்ல சரிவு. உள்ளே மேஜையில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு, வெளியே நின்று ரிமோட்டை அழுத்தினேன். மூலை எழும்பியது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பாத என் கணவர், எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க டார்ச்சோடு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டார்.

நானும் குனிந்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஹோஸின் மேலிருந்த பெயிண்ட் கோடு கோடாகப் பிளந்துகொண்டிருந்தது. ஹோஸ் உப்புகிறது!

பட்டனிலிருந்து கையை எடுத்தேன். "வெளிய வாங்க."

"ஒரு நிமிஷம் இரு."

இந்த ஒரு நிமிஷத்தோடுதான் இருபது வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறேன். இரண்டு காலையும் பிடித்து இழுத்தேன். தலை வெளியே வந்ததுதான் தாமதம், டப்பென்று ஹோஸ் வெடித்து, வண்டி அந்த மூலையில் பொத்தென்று இறங்கியது. டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டு அப்புறம்தான் அழுதேன்.

பெயிண்டை நகத்தால் சுரண்டினேன். அடியில் அச்சடித்திருந்தது: ஹோஸ் தாங்கும் அழுத்தம் நானூறு பி.எஸ்.ஐ. பம்ப் மூவாயிரம் வரை தள்ளும். எண்ணெய் அழுத்தமில்லாமல் தொட்டிக்குத் திரும்பும் ஹோஸை ஜாக்கில் மாட்டியிருந்தார்கள். போன் செய்ததும் பட்டறை ஃபிட்டர் ஓடி வந்தார். "பூஜைக்கு எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சிட்டோம் மேடம். ரெண்டு ஹோஸும் ஒண்ணு மாதிரி இருந்துச்சு."

நான்கு ஹோஸையும் மாற்றினார். அடுத்த பூஜைக்குக் குங்குமப் பொட்டு மட்டும் வைக்கலாம், அதுவும் எழுத்தின் மேல் படக் கூடாது என்றேன். சர்ச்சில் வேதம் வாசிக்கிற என் கணவர், நான்கிலும் இருந்ததை அதே குரலில் உரக்க வாசித்தார்: மூவாயிரம், மூவாயிரம்.

டம்ளரில் மறுபடி தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு, வெளியே வந்து பட்டனை அழுத்தினேன். வண்டி எழும்பி நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், டம்ளரில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவர் டார்ச்சை எடுத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன், விடவே இல்லை.