ஆடியில் மார்கழிக்கு மருந்து

ஆடி மாதத்துப் புழுக்கத்தில் முதுகில் இஞ்சியும் கடுகும் அரைத்து ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் கும்மிடிப்பூண்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா மூக்கைச் சுளித்தார்.

“இன்னாடி, உம்மேல ஊறுகா வாசன வருது?”

“மருந்துக்கா. மார்கழிக்கு.”

“மார்கழிக்கு இப்பவேவா? கிறுக்கி!”

எனக்கு மார்கழி என்றாலே வீசிங். பனி இறங்கத் தொடங்கினால் நெஞ்சு விசிலடிக்கும், பேச வாய் திறந்தால் இருமல் வரும். போன மார்கழியில் மூச்சுத் திணறி, என் வீட்டுக்காரர் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பி வந்ததும் தீர்ப்பு சொல்லிவிட்டார்: “அந்த ஏசி ரூம்ல போய் ஒக்காந்துக்கினுதான் உனுக்கு இப்டி ஆவுது. இன்னொரு தபா இழுத்துச்சுன்னா வேலயே வாணாம். ஊட்ல கெட.”

அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் எனக்கு அந்த வேலை வேண்டும். சார்ஜர் போர்டுகளை லென்ஸ் வைத்துப் பார்த்து, சரியில்லாததை ஒதுக்குகிற வேலை. என் கண்ணுக்குத் தப்பி ஒன்று போகாது என்று லைனில் பேர். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சீரியலில் எவள் எவளை அறைகிறாள் என்று எண்ணிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அந்த மருந்தை ஒட்டியவள் எங்கள் லைனுக்குச் சீனாவிலிருந்து வந்திருந்த இன்ஜினியர். என்னைவிடச் சின்னவள். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. நடுவில் அவள் போன்தான் பேசும். என் வீசிங் கதையை அதனிடம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு நீளமாக ஏதோ பேசினாள். பனிக்காலத்து நோயை வெயில் காலத்திலேயே பிடிக்க வேண்டுமாம். அப்போதுதான் அது உடம்பில் அடங்கிக் கிடக்குமாம். அவர்கள் ஊரில் வெயில் உச்சத்தில் இருக்கும்போது, அதாவது நம் ஆடியில், முதுகில் மருந்து ஒட்டிக்கொள்வார்களாம்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெயிலில் மோரும் இளநீரும் குடிக்கிற ஊர் இது, முதுகில் இஞ்சியா? அப்புறம் யோசித்தேன். எங்கள் வீட்டுக் கூரை ஷீட்டில் ஓட்டை விழுந்தால் சித்திரை, வைகாசியில்தானே அடைக்கிறோம். மழை கொட்டும்போது ஏணி வைத்து ஏறுகிறவர் யார்? சரி, ஒட்டு என்றேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று போன் மூலமாகத் தெளிவாகவே சொன்னாள். நான்தான், இவ்வளவு தூரம் வந்த மருந்து நல்லா ஊறட்டுமே என்று வீடு வரைக்கும் விட்டுவைத்தேன். ராத்திரி பிரித்தால் முதுகில் கொப்புளம். மறுநாள் அதைப் பார்த்து அவள் முகம் வெளுத்துவிட்டது. நான்தான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று.

கொப்புளத்தைக் காட்டப் போன இடத்தில் எங்கள் டாக்டரம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். திட்டி முடிந்ததும், எதற்காக ஒட்டினேன் என்று கேட்டார். ஷீட்டு ஓட்டைக் கணக்கைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“ஏம்மா, இதத்தானே நானும் வருஷா வருஷம் சொல்றேன்? இன்ஹேலர தெனமும் எடுக்கணும், நல்லா இருக்கும்போதும் எடுக்கணும்னு. நீ எப்ப எடுத்த?”

நான் எங்கே எடுத்தேன்! மாசி பிறந்து நெஞ்சு சரியானதும் அதைப் பீரோ மேலே போட்டுவிடுவேன். நோய் போன பிறகு மருந்து எதற்கு என்பதுதான் எங்கள் தெருவுக்கே தெரிந்த வைத்தியம்.

அன்றிலிருந்து தினமும் எடுத்தேன். முதுகு ஆறியது. அந்த இன்ஜினியர் பெண் மறுபடி எதையும் ஒட்டவில்லை, ஆனால் விடவும் இல்லை. என் ஐஸ் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிட்டு ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் தந்தாள். ஐப்பசிக் காற்று வந்ததும் கழுத்தை மூடு, சாக்ஸ் போடு என்று போன் வழியாக மிரட்டினாள். ஏசி ரூமில் துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை லைனே கிண்டல் செய்தது. செய்யட்டுமே.

கார்த்திகை போனது. மார்கழியில் பஸ் பனிக்குள் ஊர்ந்து வந்தது. தினமும் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைப்பார். என் மூச்சைக் கேட்கத்தான். நானும் அவர் கேட்கிறாரே என்ற பயத்தில் மூச்சை அடக்குவேன். தொண்டை கரகரத்தால்கூட அவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறம் போய்த்தான் கனைப்பேன்.

கடைசியில் போகி வந்தது. விடியும் முன்பே தெருவெல்லாம் பழைய பாயும் துணியும் எரிந்தன. பிள்ளைகள் மேளம் அடித்தார்கள். ஒவ்வொரு வருஷமும் என்னைச் சாய்த்துப் போடுவது இந்தப் புகைதான். வீட்டுக்காரர் ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் ஈரத்துண்டு செருகிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். புகை அடங்கியபின் நானே கதவைத் திறந்து வாசலுக்குப் போனேன். ஒரு இருமல் வந்தது. அவர் துள்ளி எழுந்து ஓடி வந்தார். இரண்டாவது இருமல் வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தேன், அது பாட்டுக்குப் போனது, சத்தமே இல்லாமல் வெளியே வந்தது. அப்பாடா என்று இருந்தது.

எது காப்பாற்றியது என்று இன்றுவரை நான் ஆராயவில்லை. டாக்டரம்மாவைக் கேட்டால் இன்ஹேலர் என்பார், அந்தச் சீனப் பெண்ணைக் கேட்டால் வெந்நீர் என்பாள்.

வீட்டுக்காரர் வாசல்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேலையைப் பற்றி என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருந்தேன்.

“பொங்க முடிஞ்சி உனுக்கு இன்னா ஷிஃப்ட்டு?” என்றார்.

“ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு.”

“பனியா இருக்கும். பஸ் வர்ற எடத்துக்கு நானே வண்டில இட்டுக்கினு போய் உடறேன்.”