நடுவர் எங்கே நின்றார்

என் மனைவி றுஸ்னா தொலைக்காட்சித் தொடர் பார்ப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. கொப்பியும் பேனையும் இல்லாமல் அவள் கதிரையில் உட்காரவே மாட்டாள். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூடங்களில் விளையாட்டு ஆசிரியை. அதில் பதினேழு வருடம் வலைப்பந்தாட்ட நடுவர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அவள் விசில் ஊதாத பள்ளிக்கூட மைதானம் ஒன்றிரண்டுதான் மிச்சம். நான் முபாறக். நெளுக்குளத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஆணியும் சீமெந்தும் விற்கிறவனுக்கு எழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். வேறு யாராவது அவளைப் பற்றி எழுதினால் வரிக்கு வரி பிழை பிடிப்பாள். நான் எழுதினால் பிழை இருக்கும் என்று முன்னமே தெரியும், அதனால் விட்டுவிடுவாள்.

போன வருடம் கொழும்பில் எடுத்த தொடர் ஒன்று தமிழ்க் குரலோடு யூடியூபில் வந்தது. ஒரு பெண்கள் பாடசாலையின் வலைப்பந்து அணியைப் பற்றிய கதை, பதினாறு பாகம். பெயரைச் சொல்லி அவர்களுக்கு இலவச விளம்பரம் கொடுக்க நான் தயாரில்லை. மாணவிகள் “மிஸ், பாத்தனீங்களா, மிஸ், பாத்தனீங்களா” என்று நச்சரித்ததால்தான் றுஸ்னா பார்க்கத் தொடங்கினாள். முதற் பாகம் முடியுமுன் கொப்பியில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது.

அவளுக்கு முகநூலில் ‘வலைப்பந்து விதிகள்’ என்றொரு பக்கம் இருந்தது. நூற்றுத் தொண்ணூறு பேர் அதைப் பார்த்தார்கள். நானும் அதில் ஒருவன், கட்டாயத்தின் பேரில். தொடருக்கான விமர்சனத்தை அதில் பாகம் பாகமாக எழுதினாள். மூன்றாம் பாகத்துக்கு எழுதியது இது:

“கதாநாயகி பந்தைப் பிடித்துக்கொண்டு பதினொரு விநாடி நிற்கிறாள். அந்த நேரத்தில் இறந்துபோன தன் தகப்பனை நினைக்கிறாள். தகப்பன் மௌத்தானது கவலைக்குரிய விடயம். ஆனால் பந்தைக் கையில் வைத்திருக்க மூன்று விநாடிதான் அனுமதி. அதற்குள் நினைக்கக்கூடியதை நினைக்க வேண்டும்.”

அடுத்த நாள் என் கடைக்குச் சீமெந்து வாங்க வந்த மேசன் தங்கராசா இதை எனக்கே வாசித்துக் காட்டிச் சிரித்தார். ஒரு கிழமையில் அந்தப் பக்கத்தை ஆறாயிரம் பேர் பார்த்தார்கள். றுஸ்னாவுக்குத் தலைக்கனம் வரவில்லை. அது ஏற்கனவே போதிய அளவு இருந்தது.

சும்மா குறை பிடிக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லதைக் கண்டால் வாய்விட்டுச் சொல்வாள். ஆறாம் பாகத்தில், அணியிலிருந்து மாற்றப்பட்ட ஒரு பெண் சட்டைக்கு மேல் போட்டிருந்த, ஆடும் இடத்தின் எழுத்துள்ள துணியைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, தனக்குப் பதிலாக இறங்குகிறவளிடம் கொடுப்பாள். ஒரு சொல் பேசமாட்டாள். “இந்த இடத்துக்குப் பத்துக்குப் பத்து. இதை எழுதியவர் எங்கோ ஒரு மைதானத்தில் நின்றிருக்கிறார்” என்று எழுதினாள். அந்தக் காட்சியை என்னையும் இருத்தி இரண்டு முறை பார்க்க வைத்தாள். மூன்றாம் முறை நானாகவே போட்டுப் பார்த்தேன்.

பிரச்சினை கடைசிப் பாகத்தில் வந்தது. இறுதிப் போட்டி. கடைசி விநாடிகளில் கதாநாயகி பந்தை வளையத்துக்குள் போடுகிறாள். நடுவர் விசில் ஊதி அதைச் செல்லாது என்கிறார். பந்தைப் பிடித்ததும் முதலில் ஊன்றிய காலை இழுக்கக்கூடாது என்பது விதி. கதாநாயகி இழுத்துவிட்டாள் என்பது தீர்ப்பு. அணி தோற்கிறது, மழை பெய்கிறது, வயலின் அழுகிறது. நடுவருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு அவரை வில்லியாகவே காட்டியிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் நடுவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

றுஸ்னா அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்தி ஒரு பின்னேரம் முழுக்கப் பார்த்தாள். தொலைக்காட்சித் திரையில் அடிமட்டம் வைத்து அளந்தாள். குசினியில் பருப்பு அடிப்பிடித்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. பிறகு முழுத் தொடருக்குமான விமர்சனத்தை ஒரே மூச்சில் எழுதினாள். கதைக்குப் பத்துக்கு ஐந்து, விதிகளுக்கு இரண்டு, நடுவருக்குப் பத்து. “கால் நான்கு விரற்கடை இழுபட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், நடுவர் வளையத்துக்குப் பக்கத்தில், கோல் கோட்டில் நிற்கிறார். நிற்க வேண்டிய இடத்தில் நின்று, கண்ணால் கண்டதற்கு விசில் ஊதியிருக்கிறார். தொடரில் நேர்மையான ஆள் அவர் ஒருவர்தான்” என்று முடித்தாள்.

வந்த பதில்களில் பாதி ஏச்சு, பாதி பாராட்டு. இரண்டையும் அவள் ஒரே முகத்தோடு வாசித்தாள். இருநூறாவதோ என்னவோ, ஒரு பதில் வந்தது. எழுதியவர் பெயர் நிசாந்தினி ராசு.

“மிஸ், அந்த நடுவர் கோல் கோட்டில நிண்டவா எண்டு எழுதியிருக்கிறீங்கள். துணுக்காயில நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

றுஸ்னா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். வந்த ஏச்சு எதற்கும் அவள் போனைக் கவிழ்த்ததில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் துணுக்காயில் நடந்த வலயப் போட்டி அது. வென்ற அணி மாகாணத்துக்குப் போகும். கடைசி விநாடியில் நிசாந்தினி என்ற பதினேழு வயதுப் பிள்ளை போட்ட கோலை, காலை இழுத்தாள் என்று றுஸ்னா செல்லாது என்றாள். அந்த அணி ஒரு கோலால் தோற்றது. அன்று வீட்டுக்கு வந்து, நான் கேட்காமலே மூன்று தரம், “அது பிழைதான், கால் இழுபட்டது” என்று சொன்னாள். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

“எங்க நிண்டனீர்?” என்று இப்போது கேட்டேன்.

“நடுவில. அண்டைக்கு அது நாலாவது மேட்ச். வெயில். பந்து வளையத்தடிக்குக் கெதியாப் போயிட்டுது, நான் பின்னால ஓடேல்ல. அவளுக்கும் எனக்கும் இடையில மூண்டு பிள்ளையள். அவள்ட தோள் ஆடினதைத்தான் கண்டனான். காலைக் காணேல்ல. ஊதிப்போட்டன்.”

“ஒம்பது வருசம், றுஸ்னா. ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. விடும்.”

“அவளுக்கு இருக்கே.”

எனக்குக் கோபம் வந்தது. மாகாணப் போட்டிகளுக்கான நடுவர் பட்டியலுக்கு அவளுடைய பெயர் முதற் தடவையாகப் போயிருந்த நேரம் அது. பதினேழு வருடம் வெயிலில் நின்று சம்பாதித்த பெயர். அதை ஒரு முகநூல் பதிலுக்காகத் தூக்கி எறிவதா? இப்படியெல்லாம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டே கண்ணாடியைப் போட்டாள். விமர்சனத்தின் அடியில் மேலும் ஐந்து வரி சேர்த்தாள்.

“துணுக்காய் வலயப் போட்டியில் நான் நடுவில் நின்றேன். நிசாந்தினியின் காலை நான் காணவில்லை. காணாததற்கு விசில் ஊதினேன். அந்தக் கோல் செல்லும். நடுவர் றுஸ்னாவுக்குப் பத்துக்குப் பூச்சியம்.”

எழுதிய பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள்.

மறுநாள் காலையே மூத்த நடுவர் ஒருவர் போன் எடுத்தார். அவர் குரல் எனக்கும் கேட்டது. “என்ன வேலை பாத்தனீங்கள் மிஸ்? இனி தோக்கிற பள்ளிக்கூடமெல்லாம் பழைய கதையைத் தூக்கிக்கொண்டு வருவினம்.”

“வரட்டும் சேர். நான் பிழை விட்டிருந்தால் சொல்லுவன். விடேல்லையெண்டால் அதையும் சொல்லுவன்.”

“பட்டியல்ல பேர் நிக்குமோ தெரியாது.”

“ஓம், அது உங்கட முடிவு. இது என்ர.”

அந்த நிமிடம் என் கோபம் போய்விட்டது. இப்படிப்பட்ட ஒருத்தியோடு வாழ்கிறோம் என்று பெருமையாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்லிவைக்கிறேன்.

நிசாந்தினியிடமிருந்து பதில் எதுவும் வரவில்லை. நாளுக்கு நாலு தரம் றுஸ்னா போனைப் பார்ப்பது எனக்குத் தெரியும். அவள் பார்க்காத நேரத்தில் நானும் பார்த்தேன்.

ஞாயிறு முற்பகல் கடையில் நல்ல சனம். கணக்கு எழுத உதவிக்கு வந்த றுஸ்னா உள்ளே மேசையில் இருந்தாள். வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்ணும் அவளுடைய தாயும் இறங்கி உள்ளே வந்தார்கள். றுஸ்னா எழுந்து நின்றாள். ஒன்பது வருடம் கழித்தும் அந்த முகம் அவளுக்குத் தெரிந்தது.

“இது என்ர அம்மா, வடிவம்மா” என்றாள் நிசாந்தினி. “நீங்கள் எழுதினதை வாசிச்சுக் காட்டினனான் மிஸ். அவா நம்புறா இல்லை. நானே எழுதிப்போட்டு வாசிக்கிறன் எண்டு சொல்லுறா.”

வடிவம்மா மலைநாட்டிலிருந்து சின்ன வயதில் துணுக்காய்க்கு வந்தவர். பேச்சில் அந்த ஊர் இன்னும் இருந்தது. “எனக்கு எழுத்து தெரியாதுங்க டீச்சர். ஒங்க வாயால சொல்லுங்க. இவ காலை இழுத்தாளா, இல்லியா?”

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த என் கை நின்றது.

“இழுத்ததை நான் காணேல்ல அம்மா” என்றாள் றுஸ்னா. “நான் நிக்க வேண்டிய இடத்தில நிக்கேல்ல. காணாமல் ஊதினது என்ர பிழை. அந்தக் கோல் உங்கட மகள் போட்டதுதான். அண்டைக்கு அவையள்தான் வெண்டவை.”

வடிவம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “இவளாலதான் தோத்திச்சுன்னு ஊரே பேசிச்சுங்க. இவ அப்பா அன்னிக்கே வெளையாட்டை நிப்பாட்டிட்டாரு. நானும் சேந்துதான் ஏசினேன். இழுக்கலன்னு இவ சொல்லச் சொல்ல, தப்பு பண்ணிட்டு பொய் வேற சொல்றியான்னு அடிச்சும் இருக்கேன்.”

நிசாந்தினி தாயின் கையைப் பிடித்தாள். “காணும் அம்மா, இவ்வளவும் போதும்.”

“இல்ல, பத்தாது. டீச்சர், இன்னொரு தரம் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா. இவ அப்பா வெளிய ஆட்டோவுல இருக்காரு. உள்ள வர மாட்டேன்னுட்டாரு. அவருக்கும் கேக்கணும்.”

றுஸ்னா வாசலுக்கே போனாள். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க, அதே வார்த்தைகளை ஒன்றும் குறைக்காமல் திரும்பச் சொன்னாள்.

நிசாந்தினியின் தகப்பன் ராசு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். றுஸ்னாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மகளுக்கு முன்னால் போய் நின்றார்.

“நீ அப்பவே சொன்னியே புள்ள” என்றார்.