தாயில்பட்டி கேட்டில் கழற்றி வைத்த பல் கம்பி

பல்லுக்குக் கம்பி போட விருதுநகர் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஆண்டு, 2008 ஆடி மாதம் சென்னையிலிருந்து நான் போனது அக்கா மகள் செல்விக்காக. இருபது வயது, சிவகாசி பக்கம் தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. மேல்வரிசைப் பற்கள் இடைவெளி விட்டு முன்தள்ளி இருக்கும். சிரித்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். நான்தான் பிடிவாதமாக அவளைக் கம்பி போட அனுப்பினேன். கம்பியோடு வேலைக்குப் போன முதல் நாளே போன் வந்தது.

"சித்தி, போர்மேன் உள்ள விட மாட்டேங்காக. வாயில கம்பியோட வரக்கூடாதாம். சீசன் நேரம், வேற ஆளப் போட்டுருவாகளாம்."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அங்கே ஊக்கு, ஹேர்பின், கொலுசு எல்லாவற்றையும் கேட்டிலேயே கழற்றிவிட வேண்டும். உலோகம் உரசினால் பொறி பறக்கும் என்று பயம். வாய்க்குள் இருக்கிற கம்பி எதில் போய் உரசப்போகிறது? ஆனால் தீயில் யாரையாவது இழக்காத தெருவே இல்லாத ஊரில் இந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இரவு ரயிலில் ஏறினால் காலையில் விருதுநகர். பல் சீரமைப்பு டாக்டர் மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். பத்து மணிக்குத்தான் பார்ப்பார், ஆனாலும் எட்டரைக்கே போய் டோக்கன் வாங்கிவிடுங்கள். செல்வி முதல் பஸ்ஸிலேயே வந்து காத்திருந்தாள்.

டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் படிக்கிறப்ப ஒவ்வொரு பல்லையும் சுத்தி உலோகப் பட்டை மாட்டுவோம். இப்ப குட்டிக் குட்டியா பசையில ஒட்டிடுறோம். ரெண்டையும் நெனச்ச நேரத்துல கழட்ட முடியாது. கழட்டி மாட்டுற பிளேட்டுன்னு பழைய முறை ஒண்ணு இருக்கு. இந்தப் பல்லுக்கு அதுவே போதும். நாள் கூடப் பிடிக்கும், பேச்சு கொஞ்சம் குழறும்" என்றார். ஒட்டியதை அன்றே பெயர்த்து எடுத்து, அச்சும் எடுத்தார். அடுத்த சனிக்கிழமை பிளேட் கைக்கு வந்தது.

விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி சுமார் 25 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆகும். அங்கிருந்து தாயில்பட்டிக்கு வேறு பஸ். வெயில் தாங்காது, தண்ணீர் பாட்டில் அவசியம்.

திங்கட்கிழமை காலை அவளோடு கேட்டுவரை போனேன். பெண்கள் தங்கள் பொருட்களைச் சின்னச் சின்ன டப்பாக்களில் போட்டு மர அலமாரியில் வைத்தார்கள். செல்வி பிளேட்டைக் கழற்றி ரோஸ் டப்பாவில் வைத்தாள். "ஆ காட்டு தாயி" என்று போர்மேன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

சாயங்காலம் அழைத்து வரப் போனேன். கேட்டுக்குச் சற்று முன்னால், காலடியில் தரை அதிர்ந்தது. அப்புறம்தான் சத்தம். வேப்பமரங்களுக்கு மேலே வெள்ளைப் புகை. பெண்கள் ஓடி வந்து ஆளுக்கொரு டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார்கள். அலமாரி காலியாகிக்கொண்டே வந்தது. ரோஸ் டப்பா மட்டும் அப்படியே இருந்தது. போர்மேனின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நம்ம கம்பெனி இல்லம்மா, பக்கத்துக் கம்பெனி. கடைசி ரூம்புல இருக்கிற புள்ளைக வரணும். பொறுங்க" என்றார்.

செல்வி வேலியோரமாக ஓடி வந்தாள். டப்பாவை நான்தான் திறந்து கொடுத்தேன். "அங்கன யாரு என்னானு தெரியல சித்தி" என்று அழுதாள். பக்கத்துக் கம்பெனி கேட்டிலும் இப்படி ஓர் அலமாரி இருக்குமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த வேலையே வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். "வேற எங்கன போக?" என்றாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

இனி குறிப்புகள். பிளேட்டைச் சுடுதண்ணீரில் கழுவாதீர்கள், வளைந்துவிடும். மூடி இறுக்கமான டப்பா வாங்குங்கள். வேலை முடிந்ததும் மாட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும்.

தினமும் ஆறரைக்குச் சென்னையிலிருந்து போன் செய்து, "பிளேட் மாட்டிட்டியா?" என்று கேட்கிறேன். "மாத்தித்தேன் தித்தி" என்று குழறுவாள். அவள் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டாள் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்குகிறது.