மூன்றாவது பாக்கெட்டில் மரியாதை

விளையாட்டின் முதல் நாள் நடந்தவை, வரிசைப்படி:

1. ஸ்பானிஷ் வகுப்புக்கு ஒரு கேரம் போர்டு வந்தது. ஹார்பரில் கிரேன் ஓட்டும் டில்லிபாபு அண்ணன் தன் கிளப்பிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவரும் என் மாணவர்தான்.

2. ஒவ்வொரு காயின் மேலும் ஸ்பானிஷ் வினைச்சொல் ஒன்றை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டினேன். பேசு, சாப்பிடு, அனுப்பு, இரு.

3. பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். நான், நீ, அவன், நாங்க, நீங்க, அவங்க. காயின் எந்தப் பாக்கெட்டில் விழுகிறதோ, அந்த ஆளுக்கு ஏற்றபடி வினையை மாற்றிச் சொல்ல வேண்டும்.

4. ஆள் ஆறு. கேரம் போர்டில் பாக்கெட் நான்கு. ஆறு லேபிளையும் லேமினேட் செய்து எடுத்து வந்த பிறகுதான் இதைக் கவனித்தேன்.

5. டில்லிபாபு அண்ணன் கேட்டார்: "இன்னா மிஸ், நீ இன்ஜினியருதானே?"

ஆமாம். இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். வாரநாட்களில் மணலியில் ஒரு கெமிக்கல் பிளான்ட்டில் வேலை. எங்கள் கம்பெனி ஸ்பெயினிலிருந்து ஒரு பழைய பாய்லர் வாங்கியது. மேனுவல் முழுக்க ஸ்பானிஷ். "இருக்கிறதிலேயே நீதான் சின்னப் பொண்ணு, படிச்சிக்கோ" என்று என் தலையில் கட்டினார்கள். அதனால் என் முதல் ஸ்பானிஷ் முழுவதும் கட்டளைதான்: வால்வைத் திற, வால்வை மூடு, தொடாதே. இந்த அழகான மொழியறிவை வைத்துக்கொண்டு திருவொற்றியூரில் ஒரு டுட்டோரியல் மாடியில் சனி, ஞாயிறு வகுப்பு எடுக்கத் துணிந்தேன்.

ஸ்பானிஷில் வினையின் வால் மாறினால் ஆள் மாறும். தமிழும் அப்படித்தான்: பேசறேன், பேசறே, பேசறான். இதை நான் அட்டவணை போட்டு விளக்கியபோது வகுப்பு கொட்டாவி விட்டது. விளையாட்டு வந்தது அதனால்தான்.

நான்கு பாக்கெட் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன். தென்னமெரிக்க ஸ்பானிஷில் 'நீங்க', 'அவங்க' இரண்டுக்கும் ஒரே வால். இரண்டையும் நான்காவது பாக்கெட்டில் ஒட்டினேன். 'நாங்க' மிச்சம். ஸ்ட்ரைக்கர் பாக்கெட்டில் விழுந்தால் ஃபைனாக, அந்த அணி முழுவதும் 'நாங்க' வடிவத்தைக் கோரஸாகச் சொல்ல வேண்டும் என்று விதி போட்டேன். அன்று வீட்டுக்குப் போகும்போது எனக்கு நானே கைகொடுக்காத குறை.

இனி நூருன்னிசா. பழைய வண்ணாரப்பேட்டைப் பெண். எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் டாக்குமென்டேஷன் செக்‌ஷனில் வேலை. அந்த செக்‌ஷனையே மும்பைக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் ஒரே ஒரு வேலைதான் மிஞ்சும்: சிலி நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஸ்பானிஷ் டெஸ்க். அம்மாவையும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு தங்கைகளையும் விட்டுவிட்டு அவளால் மும்பைக்குப் போக முடியாது. அந்த டெஸ்க் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை.

கேரமில் அவள் புலி. நான்காவது பாக்கெட்டில் தொடர்ந்து போட்டுத் தள்ளுவாள். டில்லிபாபு அண்ணனின் பாக்கெட் இரண்டாவது, 'நீ'. ஸ்பானிஷில் 'நீ' என்பதற்கு 'தூ' என்று பெயர். வகுப்பில் மற்றவர்கள் அதைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். அவர் மட்டும் எதிரில் இருப்பவரைப் பார்த்து வாய் நிறைய "தூ!" என்பார். எதிரில் இருப்பவர் முகத்தைத் துடைத்துக்கொள்வார்.

முதல் இன்டர்வியூ சிலி ஆபீஸ் மேனேஜரோடு வீடியோவில் நடந்தது. மறுநாள் நூருன்னிசா வகுப்புக்கு வந்தபோது முகம் செத்திருந்தது.

"மிஸ், நான் கேள்வி கேட்டா அந்த மேனேஜர் பின்னாடி திரும்பிப் பாக்குறார்."

"எதுக்கு?"

"தெரியல. 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டேன், திரும்பினார். 'நான் பேசறது கேக்குதா உங்களுக்கு'ன்னேன், மறுபடி திரும்பினார். கடைசியில, 'இந்த ரூம்ல நான் ஒருத்தன்தாம்மா இருக்கேன்'னுட்டார்."

"'எப்படி இருக்கீங்க'வை எப்படிக் கேட்டே?"

"கோமோ எஸ்தான். நாலாவது பாக்கெட் மிஸ், கரெக்டாதான் கேட்டேன்."

கரெக்டாகத்தான் கேட்டிருக்கிறாள். என் போர்டின்படி.

தமிழில் 'நீங்க' என்பது ஒரு கூட்டத்துக்கும் பொருந்தும், மரியாதைக்குரிய ஒருவருக்கும் பொருந்தும். ஸ்பானிஷில் 'எஸ்தான்' கூட்டத்துக்கு மட்டும். ஒரே ஒருவரை மரியாதையாக அழைக்க 'உஸ்தெத்' என்று தனிச்சொல் உண்டு. அதற்கு வரும் வால், 'அவன்' வால். கோமோ எஸ்தா உஸ்தெத். நான் 'நீங்க' என்று கொட்டை எழுத்தில் லேமினேட் செய்து ஒட்டியதால், அந்தப் பிள்ளை ஒற்றை மேனேஜரை ஊர்வலமாக்கிவிட்டது. நல்லவேளை, அவர் சிரித்துவிட்டு இரண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டிருந்தார்.

வகுப்பில் விஷயத்தை விளக்கினேன். மரியாதைக்குரியவர் இனி மூன்றாவது பாக்கெட். டில்லிபாபு அண்ணன் ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார்.

"பெரிய மன்சனை இட்டாந்து 'அவன்' பாக்கெட்ல போடச் சொல்றியே மிஸ், நாயமா கீதா?"

"நீங்க என்னையே 'நீ'ன்னுதானே கூப்பிடறீங்க அண்ணா?"

"அது பாசம் மிஸ். இது மட்டு மரியாதை இல்லாத பேச்சு."

நூருன்னிசா எழுதச் சொன்னால் சரியாக எழுதினாள். பேசச் சொன்னால் 'எஸ்தான்' வந்தது. "வாய் வரல மிஸ். அவரை அவன்னு சொல்ற மாதிரியே இருக்கு." மூன்றாவது பாக்கெட்டுக்கு நேராக நிற்கும் காயினைக்கூட வேண்டுமென்றே தவறவிட்டாள்.

நான் செய்தவை: ஒரு ஃப்ளோசார்ட். நான்கு நிறத்தில் ஓர் அட்டவணை. 'எதிரில் இருப்பவர் ஒருவரா? ஆம் எனில் அம்புக்குறியைத் தொடரவும்.' பிளான்ட்டில் இதை மாட்டியிருந்தால் பாராட்டு கிடைத்திருக்கும்.

இரண்டாவது ரவுண்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, சுடிதார் துணி எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். கடை அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்தவர். துணிக்கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "மேடம் என்ன கலர் பாக்காங்க?"

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு மேடம் யாரும் இல்லை.

"உங்களத்தாம்மா கேக்கேன்" என்றார்.

சிலி மேனேஜரின் கழுத்து வலி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. நேரில் நிற்பவரையே வேறு யாரோ போல வைத்துப் பேசும் மரியாதை நம்மிடமே இருக்கிறது. சார் சாப்பிட்டாரா? மேடத்துக்கு என்ன வேணும்? உஸ்தெத் இதுதான். துணி எடுக்காமல் கிளம்பினேன். அண்ணாச்சி மேடத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ தெரியாது.

மறுநாள் காலை மூன்றாவது பாக்கெட்டில் 'அவன்' மேல் 'சார்' என்று ஒட்டினேன். நூருன்னிசா லேபிளைப் படித்தாள். "எங்க மாமா கடையில இப்படித்தான் மிஸ் பேசுவாங்க!" டில்லிபாபு அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிலி மேனேஜராக உட்கார்ந்தார். "சாரு கோவமா கீறாரு. சாரோட கன்டெய்னர் எங்கம்மா?" அவள் மூன்றாவது பாக்கெட்டில் போட்டுப் போட்டுப் பதில் சொன்னாள். 'எஸ்தா' தடங்கலில்லாமல் வந்தது.

இரண்டாவது இன்டர்வியூவில் மேனேஜர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். எல்லாம் முடியப்போகும் நேரத்தில் அவர் சொன்னார்: "உஸ்தெத் எல்லாம் வேண்டாம். எங்கள் ஆபீசில் எல்லாரும் தூ தான். அப்படியே பேசு."

இதற்கு நான் அவளைத் தயார் செய்யவில்லை.

"வேலை கொடுக்கிற மனுஷனைப் பாத்து எப்படி மிஸ் 'தூ'ங்கறது?"

"என்ன பண்ணினே?"

"டில்லி அண்ணன் உங்களை 'இன்னா மிஸ், நல்லா கீறியா'ன்னு கேப்பார்ல, அதை நினைச்சுக்கிட்டேன். 'தூ'வை முழுங்கிட்டு, வெறும் 'கோமோ எஸ்தாஸ்'னு கேட்டேன். சிரிச்சிட்டார்."

தமிழைப் போலவே ஸ்பானிஷிலும் 'நீ'யைச் சொல்லாமல் வினையை மட்டும் சொன்னால் போதும். இதையும் நான் பாடத்தில் சேர்த்திருக்கவில்லை.

புதிதாக வகுப்பு எடுப்பவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக்கூடியது ஒன்றுதான்: லேபிளை லேமினேட் செய்வதற்கு முன்னால், உங்கள் மாணவர்கள் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

டாக்குமென்டேஷன் செக்‌ஷன் மும்பைக்குப் போய்விட்டது. நூருன்னிசா எண்ணூர் ரோட்டிலேயே, ஸ்பானிஷ் டெஸ்க்கில் ப்ரொபேஷனில் இருக்கிறாள். மேனேஜரிடம் இன்னும் ஒரு தடவைகூட 'தூ' சொல்லவில்லை. கிளப்பில் போர்டைத் திருப்பிக் கேட்கிறார்கள். 'சார்' லேபிள் உரிய மாட்டேன் என்கிறது.