பிரிஜட் எண்ணிய ஆறு துண்டுகள்

பிரிஜட்டுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த மருத்துவமனை லேபில் அது எல்லோருக்கும் தெரியும். அவள் கண் எப்படிப்பட்டது என்பதுதான் பலருக்குத் தெரியாது. பத்தொன்பது வருடமாக மைக்ராஸ்கோப்பில் ஊரார் ரத்தத்தைப் பார்க்கிறவள். "மெஷின் எண்ணும், நான் பார்ப்பேன்" என்பாள். அந்தத் திமிர் அவளுக்குப் பொருந்தவும் செய்யும்.

அந்த வெள்ளிக்கிழமை வார்டில் அற்புதராஜ் என்பவருக்கு இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். ஐம்பத்தெட்டு வயது, ஜூரோங் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். படியேறும்போது மயங்கி விழுந்திருந்தார். ரத்தத்தில் எல்லா அணுக்களின் எண்ணிக்கையும் பாதாளத்தில் கிடந்தது. எடுத்த மஜ்ஜை உறைவதற்குள் கண்ணாடியில் தேய்க்க ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நின்றவள் பிரிஜட்.

கண்ணாடியில் பார்த்தால், முதிராத ராட்சத செல்கள் மஜ்ஜை முழுக்க நெருக்கியடித்து நின்றன. டாக்டர் லிம் பெருமூச்சு விட்டார். ரத்தப் புற்றுநோய் போலத்தான் இருக்கிறது, திங்கட்கிழமை கீமோ ஆரம்பிக்கலாம் என்றார். வெளியே அற்புதராஜின் மகள் ஆட்ரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பிரிஜட்டுக்கு மனம் ஒப்பவில்லை. அற்புதராஜின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தின் கண்ணாடியை மறுபடி எடுத்தாள். வெள்ளணுவின் கரு மூன்று நான்கு துண்டாக இருப்பது வழக்கம். இங்கே ஒன்றில் ஆறு. அடுத்ததிலும் ஆறு. நூறு அணுக்களை உட்கார்ந்து எண்ணினாள். ஒன்பது அணுக்களில் கரு ஆறு துண்டாக இருந்தது.

அவளுக்கு இது தெரிந்த முகம்: பி12 வைட்டமின் குறைந்தவர்களின் ரத்தம் இப்படித்தான் இருக்கும். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முதலில் தன் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும், ஃபோலேட்டை வேலை செய்ய விடுவதற்கு பி12 வேண்டும். பி12 இல்லாவிட்டால் படியெடுப்பு பாதியில் நின்றுபோகும். உடம்பு மட்டும் வளர்ந்து, கரு குழந்தையாகவே நிற்கும். அப்படி நிற்கும் செல்லும் பார்வைக்குப் புற்றுநோய் மாதிரியே தெரியும்.

லேபுக்கு வந்த டாக்டரிடம் சொன்னாள்.

"பி12 பார்த்தாச்சு. கீழ் எல்லைக்கு மேலதான் இருக்கு" என்றார் டாக்டர். "சைவமான்னும் மூணு தடவை கேட்டேன். இல்லைன்னுதான் சொன்னார்."

"அந்த நம்பர் சில நேரம் ஏமாத்தும், டாக்டர். ஹோமோசிஸ்டீன் பாருங்க."

ஹோமோசிஸ்டீன் ஓர் அமினோ அமிலம். பி12 அதை மெத்தியோனின் என்ற இன்னொன்றாக மாற்றும். பி12 இல்லையென்றால் அது மாறாமல் ரத்தத்தில் தேங்கும்.

"சரி, அனுப்புங்க. ஆனா திங்கட்கிழமை தள்ளிப்போகாது" என்றார் டாக்டர்.

அந்தச் சோதனைக்கான ரத்தத்தை எடுத்தவுடன் ஐஸில் வைக்க வேண்டும். ஐஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவளே வார்டுக்குப் போனாள். நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுத்தாள்.

"அங்கிள், காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டியும் தே-ஓவும்."

"பாலில்லாத டீயா? நேத்து?"

"கீரை, சோறு." குரல் தணிந்தது. "நேர்ச்சைம்மா. மகளுக்குக் குறைமாசத்துல பிள்ளை பிறந்தப்போ வேளாங்கண்ணி மாதாகிட்ட சொன்னேன். கறி, மீன், முட்டை, பால் எதுவும் தொடமாட்டேன்னு. ஆறு வருசம் ஆச்சு. பட்டறையில சாப்பிட்டு வந்தேன்னு வீட்டுல சொல்லிடுவேன்."

"டாக்டர் கேட்டாரே, சைவமான்னு?"

"நாம கிறிஸ்டியன். நாம எங்கம்மா சைவம்? நேர்ச்சையை வெளிய சொல்லவும் கூடாதுல்ல."

பிரிஜட்டும் ஆஃபீர் ரோடு தேவாலயத்துக்குப் போகிறவள். அவளுக்கு அது அப்படியே விளங்கியது, கோபமும் வந்தது. மனிதர் மாதாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மஜ்ஜையைப் பட்டினி போட்டிருக்கிறார்! பி12 கறி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது, அது இல்லாமல்தான் இந்த நோய் போல என்று அவரிடம் சொன்னாள்.

"கறி தின்னாத்தான் பிழைப்பேன்னா, வேணாம்மா" என்றார் அவர்.

"யார் கறி திங்கச் சொன்னா? ஊசி இருக்கு. மாதாகிட்ட நீங்க ஊசிய சேத்து நேர்ந்துக்கலயே?"

அவர் சிரித்தே விட்டார். டாக்டரிடம் சொல்ல அனுமதியும் கொடுத்தார்.

மறுநாள் முடிவு வந்தது. ஹோமோசிஸ்டீன் இருக்க வேண்டியதைப் போல ஐந்து மடங்கு. டாக்டர் லிம் தாளை இரண்டு தடவை படித்தார். கீமோவை ரத்து செய்து, பி12 ஊசியை எழுதினார். பிறகு மூன்று இளம் டாக்டர்களை லேபுக்கே கூட்டி வந்தார். "இவங்க என்னைத் திருத்தினாங்க. உட்கார்ந்து கத்துக்குங்க" என்றார். பிரிஜட் நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். ஆனால் பாடத்தை அவள்தான் நடத்தினாள்.

ஊசி போட்ட ஆறாம் நாள் புதுச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை வந்தது. நூற்றுக்கு ஒன்றாக இருந்தது இருபதுக்கு ஏறியிருந்தது. மஜ்ஜை விழித்துக்கொண்டுவிட்டது. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் லேப் கோட்டோடு வார்டுக்கு ஏறினாள்.

அற்புதராஜ் தாழ்வாரத்தில் யாரும் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தார். கட்டிலருகில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆட்ரி அவளைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதான் டாக்டரா? அப்பாவை நாங்க இழந்துட்டோம்னே நினைச்சோம்."

பிரிஜட் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"டாக்டர் இல்லம்மா. நான் லேப். உங்க அப்பா ரத்தத்தைப் பார்த்தவ."